பழுப்புக் கொழுப்பு

யூலை 9, 2024
இன்று ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்தேன். பிறகு ஆஸ்பத்திரி. கணவர் அன்ஸார் துறைமுக வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தவர். என் தொடையில் இருப்பது கொழுப்புக் கட்டிதானாம். ஆனால் ஸ்கானில் சாதாரணக் கொழுப்புப் போல இல்லையாம். ஊசியால் சதைத் துண்டு எடுக்கவேண்டும் என்று டொக்டர் தயாளினி சொன்னா. புற்றுநோயா என்று அன்ஸார்தான் கேட்டார். நான் அவருடைய சேட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூலை 16
சதை எடுத்தார்கள். பெரிய நோவில்லை. வரும்போது கிண்ணியாப் பாலத்தில் அன்ஸார் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

யூலை 30
அறிக்கை வந்தது. முடிவு இல்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கொழுப்புக் கலங்கள் விநோதமாக இருக்கின்றனவாம் — கெட்டதாகவும் இருக்கலாம், அபூர்வமான நல்ல கட்டியாகவும் இருக்கலாம். பார்த்து மட்டும் சொல்ல ஏலாதாம். அதே துண்டைக் கொழும்புக்கு அனுப்பி மரபணுவைப் பார்க்கப்போகிறார்கள். மூன்று கிழமை ஆகுமாம்.

ஓகஸ்ட் 4
தங்கச்சி ரிஸ்னாவைக் கூப்பிட்டு, எனக்கு ஏதும் நடந்தால் ஆதிலாவை உன்னோடு வைத்துக்கொள் என்றேன். ஒன்பது வயது மகள். என்ன சாப்பிடுவாள், எதுக்குப் பயப்படுவாள் என்று எல்லாம் சொன்னேன். ரிஸ்னா அழுதாள். எனக்கு வரவில்லை. ஆருடையோ பிள்ளையைப் பற்றிக் கதைச்ச மாதிரி. நான் என்ன தாய்?

ஓகஸ்ட் 11
எழுத ஒன்றுமில்லை.

ஓகஸ்ட் 22
புற்றுநோய் இல்லை. புற்றுநோயென்றால் பெருகியிருக்கவேண்டிய மரபணு இதில் பெருகவில்லையாம். கட்டியின் பெயர் ஹைபர்னோமா. பழுப்புக் கொழுப்பில் வருவது, மிக அரிது. கைக்குழந்தைகளின் உடம்பைச் சூடாக வைத்திருப்பது அந்தக் கொழுப்புத்தானாம்.
"வெட்டி எடுத்தால் சரி, றுக்கியா. இது பரவாது," என்றா டொக்டர்.
அன்ஸார் வாசலில் குந்தியிருந்து அழுதார். வீட்ட போவம் என்றேன்.

செப்டெம்பர் 17
கட்டியை எடுத்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். நானும் சொல்கிறேன். வாய் சொல்கிறது.

ஒக்டோபர் 8
ஆதிலா கணக்குக் கொப்பியை மழையில் நனைத்துக்கொண்டு வந்தாள். நல்லா ஏசிப்போட்டேன். மூன்று மாதமாக அவளுக்கு ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை — நான் போனபிறகு நல்ல உம்மா என்று நினைக்கட்டும் என்று தொடங்கினது, பயமில்லை என்ற பிறகும் விடவில்லை.
அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.
"உம்மா, உங்களுக்குச் சுகமாகிட்டா?"
ஓம் என்றேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை நிற்க நேரமெடுத்தது.