மூலையில் புதுப் பெயிண்ட்

அண்ணா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ எனக்கு விற்ற, காரில் கட்டி இழுக்கிற டிரெய்லர் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வண்டி முப்பது வருஷப் பழசு. ஆனால் கட்டில் பக்கத்துச் சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட். மொன்டானாவில் பழைய டிரெய்லர் வாங்குகிற எல்லாரும் முதலில் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள்; தண்ணீர் ஒழுகி உள்ளே மரம் மக்கியிருந்தால் அமுங்கும். நானும் அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஒழுகுமா?" என்று கேட்டதற்கு, "சொட்டுத் தண்ணி வராது, இழுத்துட்டுப் போ" என்று டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். ஏழு வருஷம் பேசாத தங்கைக்கு அவ்வளவு மலிவாக யார் கொடுப்பார்கள்?

பக்கத்து டிரெய்லர் வெர்னாவும், "புதுப் பெயிண்டா? உள்ள மரம் மக்கிப் போயிருக்கும்டி, பிரிச்சுப் பாரு" என்றாள். நேற்று கடப்பாரையால் சுவரைப் பெயர்த்துவிட்டேன்.

மக்கவில்லை. எல்லாம் புது மரச்சட்டம். நடுவில் குளிர் தாங்கும் பஞ்சை, இரண்டு மடங்கு கனத்தில், விரல் நுழைய இடம் விடாமல் திணித்திருக்கிறாய்.

கோடையில் மீன் பிடிக்கப் போக என்றுதானே உன்னிடம் சொன்னேன்? கோடைக்கு யாராவது இதைத் திணிப்பார்களா? பனிக்காலம் முழுக்க நான் இதில்தான் இருக்கப்போகிறேன் என்று உனக்கு யார் சொன்னது? நான் அவரைப் பிரிந்து வரப்போவதாக என் கணவர் போன் செய்து ஏதாவது உளறினாரா? நான் யாரிடமும் வாய் திறக்கவில்லையே.

எழுதாதே, நேரில் வந்து சொல். வரும்போது ஒரு பலகையும் கொண்டு வா. நான் பெயர்த்த இடத்தில் குளிர் ஏறுகிறது.

இன்னும் உன்னை நம்பாத
தங்கை