ஜெலி பெக்கட்டின் பின்பக்கம்

டீச்சர்,

இன்று காலை நம் முன்பள்ளி மேசைமேல் ஒரு பிறந்தநாள் பை இருந்தது. கணவர் கட்டாரிலிருந்து அனுப்பியதென்று ஒரு பிள்ளையின் அம்மா கொண்டுவந்து வைத்துவிட்டு, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக நேரமாகிவிட்டதென்று ஓடினார். பையைத் திறந்ததும் ஸ்ட்ரோபெரி வாசம் அறையெங்கும் பரவியது. உள்ளே நிறம் நிறமாய் ஜெலி டொபி, குட்டிக் கரடி வடிவத்தில். நான் முதலில் செய்தது பெக்கட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்ததுதான். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினில் செய்தது என்று போட்டிருந்தது. யாருக்கும் தடையில்லை. கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் விரல்களை நக்கிக்கொண்டு விளையாடப் போனபின் உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதனால்தான் இந்த மடல்.

நாம் இருவரும் ஒரே வயதுக்காரிகள். ஆனாலும் கடைசிவரை எனக்கு நீங்கள் ‘டீச்சர்’, உங்களுக்கு நான் ‘டீச்சர்’. தலவாக்கலையிலிருந்து காலை ரயிலில் வட்டகொடைக்கு வந்து இறங்குவீர்கள். பனியில் நனைந்த முக்காட்டை உதறிவிட்டு, ‘எல்லாப் புள்ளையளும் வந்தீக்கா?’ என்று வாசலிலேயே கேட்பீர்கள். தோட்டத்து லயக் குடியிருப்புப் பிள்ளைகள், ‘இருக்கு’ என்பதற்கு நீங்கள் சொல்லும் அந்த ‘ஈக்கி’யைப் பிடித்துக்கொண்டு வீட்டிலும் போய்ப் பேசினார்கள். ‘எம்மவ துலுக்கப் பாச பேசுறா டீச்சர்’ என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே முறையிட்டது ஞாபகம் இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் நம் முன்பள்ளியில் நடந்த விளையாட்டுப் போட்டியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து லண்டனில் குடியேறிவிட்ட சந்திரன் அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தார். வரும் வழியில் வேறெந்த நாட்டிலோ விமானம் மாறியபோது, நம் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி நிறைய ஜெலி டொபி வாங்கி வந்திருந்தார். போட்டிக்கு முதல்நாள் காலை அது நம் மேசைக்கு வந்து சேர்ந்தது. நான் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கத் தொடங்கினேன். நீங்கள் ஒரு பெக்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். நமக்குத் தெரியாத மொழி. தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தீர்கள். ‘ஜெலட்டின்’ என்று வந்தது. எதிலிருந்து எடுத்தது என்று வரவில்லை.

“இதுல என்ன டீச்சர்?” என்றேன்.

“ஜெலட்டின்னா மிருகத்தோட தோல்லயும் எலும்புலயும் எடுக்கிறது. பண்டியா ஈந்தா எங்களுக்கு ஹராம். ஸம்ராக்கு எப்படிக் குடுக்கிற?”

ஸம்ரா, கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்தவரின் மகள். அந்த வருடம் நம்மிடம் படித்த ஒரே முஸ்லிம் பிள்ளை. அப்போது அங்கே வந்த பெற்றோர் குழுத் தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒரு புள்ளைக்காக எல்லாப் புள்ளைங்களுக்கும் இல்லைங்கிறதா? அதுக்கு ஒரு பிஸ்கட் பெக்கட்டக் குடுத்துட்டாப் போச்சுங்க டீச்சர்.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிந்தது. அவர் போனபின் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: “நான் அதுக்கு மேல பேசினா, எங்கட மார்க்கத்த நர்சரிக்குள்ள கொண்டு வாறன்னு செல்லுவாங்க. ஆனா அந்தப் புள்ள மட்டும் வேற பெக்கட்டோட நிக்கிறத என்னால பாக்க ஏலா டீச்சர்.”

உங்கள் முகத்தைப் பார்த்தபின் நானே சந்திரன் அண்ணனை அழைத்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டுதான் பேசினேன். அவர் மனைவி அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்த்தார். பன்றியேதான். “ஐயோ டீச்சர், ஆசையா வாங்குனேன், இத யோசிக்கவே இல்லையே. ரெண்டு பேரும் கெளம்பி நில்லுங்க. ஹட்டனுக்குப் போயி வேற வாங்கிட்டு வந்துருவோம்” என்றார்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவரோடும் அவர் மனைவியோடும் வாடகை வேனில் போனோம். மழை தூறியது. ஹட்டன் கடைவீதியில் ஒரு பெரிய கடை. விஷயத்தைச் சொன்னதும் முதலாளி ஒரு பெட்டியை இறக்கி வைத்தார். “ஹலால் முத்திரை போட்டது. தைரியமா எடுத்துக்கங்க.” சந்திரன் அண்ணனுக்கு நிம்மதி. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நீங்களோ அந்தப் பெக்கட்டையும் திருப்பினீர்கள். வெளிச்சம் போதாமல் கடை வாசலுக்குப் போய், எறும்பு மாதிரி இருந்த அந்த எழுத்துகளைப் படித்தீர்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

“டீச்சர், இது எங்களுக்குச் சரிதான். ஆனா ஒங்கட புள்ளையளுக்கு ஆகாதே. மாட்டுல எடுத்தது.”

எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி நுழைந்ததே இல்லை. நம் பிள்ளைகளில் பலருடைய வீடுகளும் அப்படித்தான். ஆனால் டொபிக்குள் மாடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்திரன் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். “அதுல பன்னி, இதுல மாடு. சின்ன வயசுல நா எத்தனையத் தின்னுருக்கேனோ!”

வேறு கடைகளிலும் ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் நான் கேட்டேன்: “நீங்க பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே டீச்சர். ஸம்ராவுக்குத்தான் பிரச்சினையில்லையே?”

“எனக்குத் தெரியுமே” என்றீர்கள்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று, “நோம்புக்குக் காய்ச்சுற கடல்பாசி எங்கட ஊட்டுல ஈக்கி! அது கடல்ல முளைக்கிற பாசிதானே, எல்லாருக்கும் ஆகும்” என்றீர்கள். வேன் நேரே உங்கள் வீட்டுக்குப் போனது.

உங்கள் சமையலறையில் அத்தனை பேருக்கு இடமில்லை. நீங்கள் பாசியைத் தண்ணீரில் கரைய விட்டுக் காய்ச்சினீர்கள். நான் தேங்காய்ப்பால் பிழிந்தேன். சந்திரன் அண்ணனின் மனைவி ரோஸ் சிரப் ஊற்றினார். தட்டுகளில் ஊற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். தலவாக்கலைக் குளிரில் குளிர்சாதனப் பெட்டி எதற்கு? தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறுகிவிட்டது. உங்கள் கணவர் எங்கிருந்தோ ஒரு போத்தல் மூடியைத் தேடிக் கழுவிக் கொடுத்தார். அதை வைத்து வட்ட வட்டமாக வெட்டினோம். ஓரங்களில் மிஞ்சியதையெல்லாம் சந்திரன் அண்ணனே தின்று தீர்த்தார்.

மறுநாள் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஸம்ராவும் நின்றாள், எல்லோரையும் போல ஒரு காகிதக் கோப்பையை நீட்டிக்கொண்டு. அவளுக்காக நடந்ததெதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் உங்கள் விருப்பம். பெற்றோர் குழுத் தலைவர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னொன்னு இருக்குமா டீச்சர்?” என்று உங்களிடமே வந்து கேட்டார். நீங்கள் இரண்டு கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு விழா என்றாலே அம்மாமார் இனிப்பு வாங்குமுன் நம்மைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அதன் பின் வந்த வருடங்கள் சீக்கிரம் போய்விட்டன. உங்களுக்கு வயிற்றில் வலி என்றார்கள். பிறகு அது வெறும் வலி இல்லை என்றார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீங்கள் பாதியாக இளைத்திருந்தீர்கள். கட்டில் அருகே மருந்துகள். பழக்க தோஷத்தில் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பினேன். மாத்திரைக் குளிசை இல்லை, ஜெலட்டின் கூட்டுக்குள் அடைத்த மருந்து. உங்களைக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கினேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

“பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கிட்டக் கேட்டுட்டன் டீச்சர். வேற மருந்தில்லாட்டி குடிக்க ஏலும்னு செல்லிட்டாங்க. நீங்க வந்தா இதத்தான் மொதல்ல பாப்பீங்கன்னு தெரியும். அதான் பதில ரெடி பண்ணி வச்சீந்தன்.”

நானும் சிரித்தேன். அதுதான் நாம் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது. உங்களை அடக்கம் செய்த நாளில் நான் உங்கள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உங்கள் உம்மா என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் இடத்துக்கு இப்போது உடப்புசல்லாவையிலிருந்து ஒரு டீச்சர் வந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே இறைச்சி, முட்டை எதுவும் தொடாதவர். போன கிழமை தேநீருக்குப் பனிஸ் வாங்கப் பேக்கரிக்குப் போனேன். முதலாளி சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். பனிஸில் முட்டை சேருமா என்று கேட்டேன். என்னை எப்போதும் மரியாதையாக ‘நோனா’ என்று அழைக்கும் அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். “நோனா முட்டை சாப்புடுற ஆள்தானே?”

“எனக்கு இல்ல” என்றேன்.

அவர் உள்ளே போய்ப் பனிஸ் போடுகிறவரிடம் கேட்டு வரும்வரை காத்து நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் சலித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். முன்பென்றால் கூச்சப்பட்டு, பரவாயில்லை என்று சொல்லி, கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அன்று எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை, டீச்சர். பதில் வரும்வரை அங்கேயே நின்றேன்.