மிஸ்ரியாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன்

தென்காசி,
வியாழக்கிழமை

அன்பு மகன் ஹுஸைஃபாவுக்கு உம்மா ஜன்னத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி மிஸ்ரியாவும் சுகம். வாப்பாவுக்கு மட்டும் ஓயாத தும்மல், அது அவராகத் தேடிக்கொண்டது, பிறகு சொல்கிறேன். நீயும் மருமகள் சனோபரும் அந்த ஷார்ஜா வெயிலில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே சாரல் ஜோராக இருக்கிறது. குற்றாலம் ரோட்டில் வண்டி நகரவில்லை என்று ஐந்தருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் நம் தெருவுக்குள் புகுந்து போகிறது, துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. ரம்புட்டான் வந்துவிட்டது, விலையைக் கேட்டால் பழத்தைத் தொடப் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு பீர் மைதீன் மாமாவின் மகன் இத்ரீஸ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி உம்மா, சரி உம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை மிஸ்ரியாவுக்குக் கொடுத்தாயிற்று. இது என் வாப்பா எனக்குக் கொடுத்த வீடு, என் பெயரில் இருப்பது, உனக்குத் தெரியும். போன மாதமே உன்னிடம் கேட்டேன், நீயும் சரி என்றாய். அந்தச் சரி மனதிலிருந்து வந்ததா, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வந்ததா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முதலில் உயில் எழுதி வைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வக்கீல் உமாதேவி அம்மா சிரித்துவிட்டார். ஒங்க சட்டத்துல உயிலு மூணுல ஒரு பங்குக்கு மேல செல்லாது ஆச்சி, அதையும் மகளுக்கு எழுதினா நீங்க போன பொறவு மத்த வாரிசுக சம்மதிக்கணும், உயிரோட இருக்கையிலேயே ஹிபாவாக் குடுத்துருங்க என்றார். ஹிபா என்றால் தானம். கொடுத்தேன் என்று நான் சொல்ல வேண்டும், வாங்கிக்கொண்டேன் என்று அவள் சொல்ல வேண்டும், வீட்டையும் அவள் வசம் விட வேண்டும், மூன்றும் நடந்தால்தான் செல்லுமாம். எல்லாம் நன்றாகத்தான் சொன்னார், என்னை ஆச்சி என்றதுதான் பிடிக்கவில்லை. அவருக்கும் எனக்கும் மிஞ்சிப்போனால் நாலைந்து வயது வித்தியாசம் இருக்கும்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஸ்ரத்தையும் பீர் மைதீன் மாமாவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நான் கொடுத்தேன் என்றேன், அவள் வாங்கிக்கொண்டேன் என்றாள். சாவியைக் கையில் வைத்தேன். ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பவர்கள் வெளியே போக வேண்டியதில்லை, நாலு பேர் முன் சொல்லிச் சாவியைக் கொடுத்தால் போதும் என்று வக்கீலம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். உன் வாப்பா கேட்டால்தானே. குடுக்கதுன்னா முழுசாக் குடுக்கணும், உள்ளயே உக்காந்துகிட்டு குடுத்தேன் குடுத்தேன்னா என்ன அர்த்தம், வெளிய வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வீடு என்னுடையது, கொடுத்தது நான், இவர் எதற்கு இறங்க வேண்டும்? கேட்டால் எனக்குத் துணையாம். நல்ல சாரல், குடை வீட்டுக்குள். கதவைச் சாத்து, இனிமே ஒன் கையாலதான் தொறக்கணும் என்று அவர் சொன்னதும் மிஸ்ரியா சாத்தினாள். சாத்தியவள் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து அழுகிறாளோ என்று எனக்குப் பதறிவிட்டது. வாப்பா தட்டினார். யாரது என்று கேட்டாள். ஏட்டி, நான்தான், ஒன் வாப்பா என்றார். வாடகைக்கு வீடு பாக்க வந்தியளா, மாசம் எவ்வளவு தருவிய, அட்வான்ஸ் கொண்டுட்டு வந்திருக்கியளா என்றாள்! பீர் மைதீன் மாமா சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது, ஹஸ்ரத் தாடிக்குள் சிரித்தார். நனைந்தபடி வாப்பா வாடகை பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தும்மல்தான் இது.

ஹுஸைஃபா, மணவிலக்கு வாங்கி வந்த பிறகு அவள் இப்படி விளையாட்டாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தாள். கை தவறி உடைந்தால்கூட ஒங்க டம்ளர் ஒண்ணு ஒடைஞ்சிட்டு உம்மா என்பாள். இப்போது வாப்பா ஈரச் செருப்போடு ஏறினால் என் தரையப் பாருங்க என்று சத்தம் போடுகிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பத்திரத்தையும் பதிந்து வரியை அவள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார், அதை வாப்பா பார்த்துக்கொள்வார். அவருடைய கடையத்துத் தோப்பு அவர் காலத்துக்குப் பிறகு பங்குப்படி வரும், எனக்கு எட்டில் ஒன்று போக மீதியில் உனக்கு இரண்டு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு. அந்த எட்டில் ஒன்று எனக்கு வேண்டவே வேண்டாம், மனிதர் நூறு வயது இருக்கட்டும். நீயும் உன் காரியங்களை ஒழுங்கு பண்ணிக்கொள். பேங்கில் நாமினி எழுதிவிட்டால் எல்லாம் அவருக்கே என்று நினைக்காதே, நாமினி வாங்கி வைக்கிறவர்தான், பங்கு வாரிசுகளுக்குத்தான். என்ன எங்கே இருக்கிறது என்று சனோபருக்குச் சொல்லி வை, ஆம்பளைகளுக்கு ரகசியம் என்றால் அல்வா மாதிரி.

ஹஸ்ரத் புறப்படும்போது என்னிடம் ஒன்று சொன்னார். குடுத்தது செல்லும், ஆனா மகன் மனசுல ஒரு முள்ளு இருந்துரப்படாது, கேட்டுக்கிடுங்க என்றார். அதைத்தான் கேட்கிறேன். கொடுத்ததைத் திருப்பி வாங்கப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு வருத்தம் இருந்தால் எனக்கு எழுது, திட்டியே எழுது, நான் தாங்கிக்கொள்வேன், பதிலுக்கு நானும் திட்டுவேன். சண்டையை என்னோடு போட்டுத் தீர்த்துக்கொள். நான் கண்ணை மூடிய பிறகு அந்தக் கோபத்தோடு நீ வந்தால் எதிரே நிற்பது அவளாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவளுக்கு நீ, உனக்கு அவள், நாங்கள் யாரும் மிச்சம் இருக்கமாட்டோம்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. இத்ரீஸிடம் இதோடு ஒரு பார்சலும் கொடுத்துவிடுகிறேன், வாங்கினதும் திறந்து பார், நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, கவிழ்த்திருப்பான். சனோபரிடம் இதைப் படித்துக் காட்டு, அவளுக்கு வருத்தம் இருந்தால் அவளும் எழுதட்டும்.

உங்களை நினைத்தபடியே இருக்கும்
உம்மா ஜன்னத்