வழிமொழியாத தீர்மானம்

1943 ஜூலை 6, ஜோகூர் பாரு

இந்த வருஷத்தை ஜப்பான் கணக்குப்படி 2603 என்று எழுதச் சொல்கிறார்கள். இங்கே எழுதமாட்டேன்.

காலையில் கேப்டன் மொரிட்டா வீட்டுக்கே வந்தார். பாங்காக்கில் கீழ்த்திசை நாடுகளின் பாதுகாப்பு மாநாடாம். ஜோகூர் இந்தியர் சார்பில் நான் போக வேண்டுமாம். "ஜெனீவாவிலும் லண்டனிலும் பேசியவர் நீங்கள். உங்கள் குரலுக்கு மதிப்பு உண்டு," என்றார். வாசலில் நின்று இடுப்பு வாளைச் சரிசெய்துகொண்டார். அது எனக்காகத்தான்.

சிகப்பி கேட்டாள்: "அறுபத்தெட்டு வயசுல இவங்களுக்குக் கொடி பிடிக்கணுமா?" மறுத்தால் என்ன ஆகும் என்று என் மனைவிக்குத் தெரியாதா என்ன?

ஜூலை 8

லாயாங் லாயாங் தோட்டத்திலிருந்து ராசம்மா அழுதுகொண்டு வந்தாள். அவள் புருஷன் தங்கராஜு அங்கே தொழிலாளர் தலைவன். சயாம் ரயில் பாதை வேலைக்கென்று அவனோடு சேர்த்து நாற்பது பேரை லாரியில் ஏற்றி வந்து, இங்கே ஸ்டேஷன் கொட்டகையில் அடைத்திருக்கிறார்கள். "மூணு மாசம்தான்னு சொல்றாங்கய்யா. பங்குனியில போனவங்க ஒருத்தரும் திரும்பல."

ஜப்பான்காரர்களுக்கு என் பேச்சு வேண்டும். எனக்கு இந்த ஆட்கள் வேண்டும். பேரம் பேசிப் பார்க்கலாம்.

ஜூலை 9

ஆட்களை விட்டால் வருகிறேன் என்றேன். மொரிட்டா சிரித்தார். தொழிலாளர் தருவது ஒவ்வொரு நாட்டின் கடமை என்று ஒரு தீர்மானம் வருமாம். அதை நான் வழிமொழிய வேண்டுமாம். சரி என்றேன். நான் இல்லாவிட்டாலும் அது நிறைவேறத்தானே போகிறது?

ஜூலை 10

நாற்பது பேரும் வீடு திரும்பினார்கள். தங்கராஜு காலில் விழ வந்தான். தடுத்தேன். மரவள்ளிக்கிழங்குகூட இன்று ருசித்தது.

ஜூலை 19, ரயிலில்

பாங்காக் போகும் வழி.

ஈப்போவில் வண்டி நின்றது. காவலுக்கு வந்த சிப்பாய் இறங்கிப் போயிருந்தான். பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு வண்டி, கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. உள்ளிருந்து தமிழில் தண்ணீர் கேட்டார்கள். என் கூஜாவை நீட்டினேன்.

வாங்கியவன் சொன்னான்: "நாங்க உலு திராம் தோட்டத்து ஆளுங்கய்யா. எம்பேரு காளியப்பன். லாயாங் லாயாங் ஆளுங்கள விட்டுட்டாங்களாம். நாப்பது தல கொறையுதுன்னு எங்கள ஏத்திட்டாங்க. யாரோ பெரிய மனுசர் பேசினாராம்."

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கூஜாவைத் திருப்பித் தந்தான். வச்சுக்கப்பா என்றேன். வேற என்ன செய்ய முடிஞ்சுது என்னால?

ஜூலை 20, பாடாங் பெசார்

சயாம் எல்லை. ரயில் கார்டு செல்லப்பன் இங்கிருந்து தெற்கே திரும்புகிறார். என் பெட்டியை அவர் இறக்கித் தந்தபோது மெதுவாகச் சொன்னேன்: நான் மொரிட்டாவுக்குக் கொடுத்த வாக்கை மீறப் போகிறேன், தங்கராஜுவும் மற்றவர்களும் தோட்டத்தை விட்டு ஓடிவிட வேண்டும்.

"எத்தன நாள் இருக்குங்க?"

"இருபத்தாறாம் தேதி கூட்டம்."

"லைன் பூரா நம்ம ஆளுங்கதான். சொல்லிடலாம். வண்டி ஓடணும், அவ்ளோதான்."

ஜூலை 26, பாங்காக்

செய்தி போய்ச் சேர்ந்ததா? தெரியாது. சேராமல் இருந்தால், இன்று நான் செய்யப்போவது அந்த நாற்பது பேரையும் மறுபடி ஏற்றிவிடும். வழிமொழிந்தால் இன்னும் எத்தனை நாற்பது?

மாலை –

"ஜோகூர், திரு உலகப்பன்," என்று தலைவர் அழைத்தார். எழுந்தேன். அவர்கள் தட்டச்சு செய்து தந்த உரை கையில் இருந்தது. அதைப் படிக்கவில்லை. "இதை நான் வழிமொழியவில்லை. வரும் வழியில் சரக்கு வண்டிக்குள் மனிதர்களைப் பார்த்தேன். அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை," என்றேன். ஒலிபெருக்கி நின்றுபோனது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வழிமொழிந்தார். கைதட்டல். அப்புறம் தேநீர்.

ஆகஸ்ட் 14, ஜோகூர் பாரு

ஊர் வந்து இறங்கியதும் பிடித்துப்போனார்கள்; இன்றுதான் விசாரணையிலிருந்து விட்டார்கள். விரல் மடங்கவில்லை.

ஆகஸ்ட் 17

இரண்டு பல் போய்விட்டது. சிகப்பி கஞ்சி ஊட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், ராசம்மா வந்து போனாளாம். தங்கராஜுவும் மற்றவர்களும் பொந்தியான் பக்கம் சதுப்புக் காட்டில் இருக்கிறார்கள். லாரி வந்தபோது தோட்டத்து லய வீடுகளில் ஆண்களே இல்லையாம்.

அழுதுவிட்டேன். ஆனால் அந்த லாரி காலியாகவா திரும்பியிருக்கும்? அடுத்து எந்தத் தோட்டம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 29

உலு திராம் போனேன். சிகப்பி தனியே விடமாட்டேன் என்று கூடவே வந்தாள்.

காளியப்பன் வீட்டில் அவன் மனைவி கருப்பாயி இருந்தாள். அவன் போனது என்னால்தான் என்று சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஈப்போவில் பார்த்தேன், பேசினான், தண்ணீர் குடித்தான் என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"கூட்டத்துல எங்களுக்காக ஒரு வார்த்த சொன்னீங்களாங்க?"

"சொன்னேம்மா."

"அடுத்த கூட்டம் எப்பங்க?"

இனி எவனும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

"சீக்கிரம்மா," என்றேன்.