கதவு இழைத்த தேதிகள்

மார்ச் 3

படகின் அறைக்கதவு மறுபடி இறுகிக்கொண்டது. கதவைச் சீவ, வீட்டில் இழைப்புளியைத் தேடி எடுத்தேன். மழை முடிந்ததும் வருடாவருடம் நடக்கிற கூத்துதான். “நான் சொன்னா எங்க கேக்கப்போறீங்க” என்றாள் என் வீட்டுக்காரி. அவள் படகில் கடைசியாகக் கால் வைத்து ஒன்பது வருடம். வரச்சொல்லி நானும் கெஞ்சவில்லை. கெஞ்சியிருக்கலாம்.

மார்ச் 5

தச்சரை வரவழைத்தேன். மனிதர் கதவைத் தொடவே இல்லை. பாய்மரத்துக்கு நேர் கீழே, அறைக்குள் நிற்கும் தாங்குதூணின் அடிக்கட்டையில் உளியால் குத்தினார். ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது.

“கதவு வீங்கல சார். தூண் இறங்கிருச்சு. மேல்தளமும் கூடவே இறங்கி கதவை அமுக்குது. இப்படியே பாய் ஏத்துனீங்கன்னா ஒரு பலத்த காத்துக்கு மரம் சாஞ்சிரும்.”

இதையேதான் அவள் சொன்னாள். ஒன்பது வருடம் முன்பு, படகில், நண்பர்கள் நடுவில். “மேல ஏதோ இறங்குதுங்க, எனக்கு பயமா இருக்கு.” நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று கரையேறியவள்தான்.

மார்ச் 6

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11

கிரேன் வைத்துப் பாய்மரத்தைக் கழற்றினோம். கதவையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உட்புறம் பென்சிலில் தேதிகள் — இழைத்த ஒவ்வொரு தடவையும் அவள் எழுதியவை. அவள் பிடித்துக்கொள்வாள், நான் இழைப்பேன், மரச்சுருள் அவள் தலையில் சிக்கும். முதல் தேதி, கல்யாணமான மறுவருடம். மூன்றாவதில் நிறைமாதம். “சீக்கிரம் முடிங்க, இடுப்பு விட்டுப்போகுது” என்று திட்டினாள். அந்தச் சின்ன அறைக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

எட்டுத் தேதிகள், அவள் கரையேறிய வருடத்தோடு நின்றுவிட்டன. கடைசித் தேதிக்குக் கீழே, அதே கையெழுத்தில்: ‘கதவு மேல தப்பில்ல.’

ஒன்பது வருடமாகத் திறந்து மூடுகிறேனே — என் கண் எங்கே போயிருந்தது?

மார்ச் 14

ஜாக்கி கொடுத்துத் தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். நான் அவசரப்பட, தச்சர் கையைத் தட்டிவிட்டார். புதுக் கட்டை வைத்தோம், தூண் நிமிர்ந்தது. கதவை மாட்டினால் மேலே இரண்டு விரல் சந்து. அத்தனையும் நான் சீவித் தள்ளியது. “புதுக் கதவு போட்டுரலாமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 15

சொல்லிவிட்டேன். “நீ சொன்னதுதான் சரி. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.” காய் நறுக்கிக்கொண்டே, “இதைச் சொல்ல ஒம்பது வருஷமா?” என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 22

பாய்மரம் மறுபடி நிமிர்ந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் துறையில் அவள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. நேராக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“கதவோட தலைல ஒரு மரச்சட்டம் அடிச்சா போதும். நான் பிடிச்சுக்கறேன், நீங்க இழைங்க.”

சட்டம் பொருந்தியதும் கையை நீட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன்.