சுருள் இழை வளர்த்தவளுக்கு

திருக்கோகர்ணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள வெல்டிங் கடையில் இன்று காலை சிலிண்டரைத் திறந்தார்கள். அசிட்டிலின் வாடை, பூண்டு நசுக்கியதுபோல, சாலையைத் தாண்டி வந்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டேன். அந்த வாடைக்கு எனக்கு அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவிகள் நாம். நீ ஆவூரிலிருந்து வருவாய். செம்புத் துகள்களைக் குழாய் உலையில் சூடாக்கி, அசிட்டிலினை மெல்லச் செலுத்துவாய். வாயு துகளின்மேல் உடைந்து, அதிலுள்ள கார்பன் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாக வளரும். நம் பேராசிரியருக்கு நேரான இழைகள் வேண்டும். உனக்கு வந்ததெல்லாம் சுருள். குப்பை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நீ விடவில்லை. ஒரே துகளிலிருந்து இரண்டு சுருள்கள் எதிரெதிராகக் கிளம்பியிருந்த மைக்ரோஸ்கோப் படத்தை எனக்குக் காட்டினாய்.

“துகளுக்குப் பல முகம் இருக்குடி. எல்லா முகத்துலயும் கார்பன் ஒரே வேகத்துல வந்தா இழை நேராப் போயிரும். ஒரு பக்கம் முந்துது, அதான் வளைஞ்சு சுத்துது. இது குப்பை இல்ல.”

அது அவருக்கும் புரிந்தபிறகு உன்னை விரட்டி வேலை வாங்க ஆரம்பித்தார். வரப்போகும் மாநாட்டுக்கு முன் இன்னும் மாதிரிகள் வேண்டுமாம். வாயுவை வெளியேற்றும் ஃபேன் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்றார். ஒரு மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது, கசிந்த வாயு தீப்பற்றியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவர், நீ அஜாக்கிரதையாக இருந்துவிட்டதாக மைக்கில் சொன்னார். முன்வரிசையில் உன் அப்பா, மகள் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பவர்போலத் தலை கவிழ்ந்திருந்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தேன்.

“அவ அஜாக்கிரதையா இல்ல சார். ஃபேன் ஓடலன்னு ஒங்ககிட்டதான் வந்து வந்து சொன்னா. நான் பக்கத்துல நின்னேன்.”

உன் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதன்பிறகு அந்த ஆய்வகத்தில் எனக்கு இடமில்லாமல் போயிற்று; வேறு ஊரில் போய் ஆராய்ச்சியை முடித்தேன். பேராசிரியர் இன்னும் உன் சுருள் படத்தைக் காட்டித்தான் மேடைகளில் பேசுகிறார். உன் பெயரைச் சொல்வதில்லை.

இப்போது குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். யாரோ பார்வையிட வருகிறார்கள், உலையை ஓட்டிக் காட்டுங்கள் என்று போன வாரம் முதல்வர் சொன்னார். இங்கேயும் ஃபேன் பழுது. முடியாது என்றேன். ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறேனாம். சிலிண்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். போர்டில் ஒரு துகளை வரைந்து, இரண்டு பக்கமும் சுருள்களைப் போட்டு, இதை எனக்கு விளக்கியவள் என்று உன் பெயரை முழுதாக எழுதினேன். அழுத்தியதில் சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டாலேயே எழுதி முடித்தேன்.