தார் அடைத்த துளைகள்

இன்று நம் வீட்டு முன்னால் ரோட்டுக்குத் தார் போடுகிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. போய்ச் சேர்ந்த புருஷனைப் பற்றி நல்லதையே நினைக்க வேண்டுமாம். நானும் முயன்று பார்த்தேன்.

மாட்டுக்கொட்டகை உத்திரத்தைத் துளைத்துக் குடியிருந்த கருவண்டுகள் மேல் உங்களுக்கு அப்படி என்ன கோபமோ. ஏணி வைத்து ஏறி, துளை துளையாகத் தாரை ஊற்றி அடைத்தீர்கள். "கூரை தலையில எறங்குறதுக்குள்ள பாத்துட்டேன்ல" என்று மீசையைத் தடவிக்கொண்டீர்கள். அப்போதுதான் புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி போயிருந்தது. நம் வீட்டில் போகவில்லை.

அந்த வண்டுகள் விடிந்ததும் கொல்லையிலிருந்த பரங்கிக் கொடிக்குத்தான் போகும். ஆண் பூவுக்குள் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து, அடியில் பிஞ்சு வைத்திருக்கும் பெண் பூவுக்குள் நுழையும். பொடி ஒட்டினால் பிஞ்சு பருக்கும். ஒட்டாவிட்டால் வெம்பி விழும். தினமும் சாணி அள்ளப் போகும்போது பார்த்ததுதான்.

அந்த வருடம் பிஞ்செல்லாம் உதிர்ந்தது.

"வண்டு இல்லாமத்தாங்க காய் பிடிக்கல" என்றேன்.

"மலடி கை பட்ட கொடி எப்படிடி காய்க்கும்? இனிமே கொல்லைப் பக்கம் வராத" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? பிள்ளை வேண்டும் என்று விராலிமலையிலிருந்து செல்லம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

பாவம், பயந்த பெண். மறுவருடம் கொடி பூத்ததும் வேலிக்கு இங்கிட்டு நின்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"ஆண் பூவப் பறிச்சு, எதழக் கிள்ளிட்டு, பிஞ்சுப் பூவுக்குள்ள மெல்லத் தடவு."

"அவுகளுக்குத் தெரிஞ்சா, அக்கா?"

"அவுக என்னைக்கு விடியுமுன்ன எந்திரிச்சிருக்காக?"

கொடி கொள்ளாமல் காய்த்தது. "வந்தவ கைராசி" என்று டீக்கடை வரை போய்ப் பெருமையடித்தீர்கள்.

சில வருடம் கழித்து அவளையும் மலடி என்றீர்கள். இரண்டு பெண்களையும் பழித்த பிறகும், அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பெரிய மூளை.

உத்திரத்துத் தார் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வண்டுகள் திரும்பி வந்துவிட்டன. நானும் செல்லம்மாளும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறோம். நீங்கள் விட்டுப்போன நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. மலடி என்ற அந்தச் சொல்லையும் நான் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். அது உங்களுடையது. வாங்கிக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.